ஓவனில் மீன்: வேலை நாள் இரவுக்கு 40 நிமிடச் சாப்பாடு

வேலை முடிந்து வந்து மீன் வறுக்க நிற்பது பெரிய பாடு. கல்லில் ஒரு தடவைக்கு மூன்று துண்டுதான் போட முடியும். எண்ணெய் தெறிக்கும், பக்கத்தை விட்டு நகர முடியாது. கடைசித் துண்டு வேகும்போது முதல் துண்டு ஆறியிருக்கும். ஓவனில் ஆறு துண்டும் ஒன்றாக உள்ளே போய், ஒன்றாக வெளியே வரும். மீன் வேகிற 12 நிமிடத்தில் ரசத்தைத் தாளித்துவிடலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஆனாலும் பல வீடுகளில் ஓவன் மீன் ஒரு முறையோடு நின்றுபோகிறது. 'வேகவைத்த மாதிரி இருந்தது', 'மசாலா பச்சை வாடை அடித்தது', 'வறட்டு வறட்டு என்று போச்சு' என்பவைதான் பெரும்பாலும் வரும் புகார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. வறுவலுக்கான மீனையும் வறுவலுக்கான மசாலாவையும் அப்படியே ஓவனுக்குள் வைத்துவிடுகிறோம். கல்லில் சூடு எண்ணெய் வழியாக நேராக மீனைத் தொடுகிறது. ஓவனில் காற்றும் சூடேற்றும் கம்பியின் அனலும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால் துண்டின் தடிமன், மசாலாவில் சேரும் எண்ணெய், மீனின் மேல் இருக்கும் ஈரம் ஆகிய மூன்றையும் மாற்றினால்தான் ருசி வரும்.

கீழே உள்ள அளவுகள் நான்கு பேருக்கானவை. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் உள்ள 28 லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த) ஓவனை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறோம். மைக்ரோவேவ் கன்வெக்ஷன், ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கான மாற்றம் பின்னால் வருகிறது.

மீன் கடையில் சொல்ல வேண்டியது

மீன் வெட்டுபவரிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றால் வறுவலுக்கு என்று நினைத்து மெல்லிசாக, ஒரு செ.மீ. அளவில் போட்டுத் தருவார். கல்லில் அதுதான் சரி. சூடு சட்டென்று ஏறும், மேலே முறுகும்போது உள்ளேயும் வெந்திருக்கும். ஓவனில் மேற்புறம் நிறம் பிடிக்கக் குறைந்தது பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் மெல்லிய துண்டின் உள்ளே இருக்கும் நீரெல்லாம் வற்றி நார் நாராகிவிடும். ஆகவே 'ரெண்டு செ.மீ. தடிமனா, எல்லாம் ஒரே அளவா போடுங்க' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே அளவு என்பதை அழுத்திச் சொல்வது நல்லது. ஒரு துண்டு ஒன்றரை, இன்னொன்று இரண்டரை என்றிருந்தால் ஒன்று காயும், மற்றொன்று எலும்பருகே பச்சையாக நிற்கும்.

எந்த மீன்? முதல் முறை செய்பவர்களுக்கு வஞ்சிரம், தென்மாவட்டங்களில் நெய்மீன் என்று சொல்வது, பாதுகாப்பான தேர்வு. நடு எலும்பு ஒன்றை எடுத்துவிட்டால் சதைக்குள் பெரிய தொந்தரவு கிடையாது. குழந்தைகளுக்குக் கொடுக்கச் சௌகரியம். சதையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அரை நிமிடம் கூடினாலும் மன்னித்துவிடும். கொடுவா அதைவிட மென்மையானது. முள் எடுத்த துண்டாக வாங்கினால் பெரியவர்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பாறையும் நன்றாக வரும், ஆனால் கொஞ்சம் சீக்கிரம் காயும். கானாங்கெளுத்தியும் மத்தியும் ஓவனுக்கென்றே பிறந்தவை. அவற்றின் சொந்த எண்ணெயே மேலே வந்து தோலை முறுகவைக்கும். விலையும் பாதிக்குக் கீழ். கட்லா, ரோகு போன்ற ஆற்று மீன்களில் சதைக்குள் மெல்லிய முள் அதிகம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசரமான இரவுக்கு அவை வேண்டாம்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும். வஞ்சிரத்தின் விலை எகிறும், பழைய ஐஸ் மீனும் கலந்து வரும். அப்போது பண்ணையில் வளர்த்த கொடுவாவை வாங்குவதே நல்லது.

துண்டு போட்ட மீனில் கண்ணையும் செவுளையும் பார்க்க முடியாது. சதையைப் பாருங்கள். வெட்டிய முகம் பளபளப்பாக, சதையின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்க வேண்டும். அடுக்குக்கு நடுவே இடைவெளி விட்டு விரிந்திருந்தால் மீனுக்கு வயதாகிவிட்டது. நடு எலும்பை ஒட்டிய இரத்தக்கோடு சிவப்பாக இருக்கலாம், சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கக் கூடாது.

வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவற்றில் இன்னொரு கவனம். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். சமைத்தாலும், உறையவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நாக்கு எரிந்து, தலைவலி வருவது இதனால்தான். சிலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்துவிடுகிறார்கள். ஐஸில் புதைத்து வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். வழியில் வேறு வேலை இருந்தால் மீனைக் கடைசியாக வாங்குங்கள்.

தேவையானவை

மீனுக்கு:
வஞ்சிரம் 600 கிராம் (2 செ.மீ. தடிமனில் 5 அல்லது 6 துண்டு)
கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி
காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி (வீட்டில் அரைத்த காரமான தூள் என்றால் 1)
மல்லித்தூள் 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி
சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி
இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி
தூள் உப்பு மொத்தம் ஒன்றேகால் தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை 2 கொத்து

அதே தட்டில் வேகும் காய்க்கு:
உருளைக்கிழங்கு 250 கிராம்
சின்ன வெங்காயம் 12
எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை

குழம்பு மிளகாய்த்தூள் மட்டும்தான் இருக்கிறது என்றால் மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் பதிலாக அதையே இரண்டரைத் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். கல் உப்பு போடும் வீடுகளில் பொடித்துப் போடுங்கள். ஓவனில் நீர் சேர்க்கை இல்லாததால் கல் உப்பு கரையாமல் ஆங்காங்கே கரிக்கும்.

அரிசி மாவு, கார்ன் மாவு இரண்டையும் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. மாவு முறுக வேண்டுமானால் அது எண்ணெயில் முங்க வேண்டும். ஓவனில் அப்படி முங்காது. வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நாக்கில் மாவு தட்டும்.

படி 1: ஓவனைப் போட்டுவிட்டு மற்ற வேலை

உடை மாற்றும் முன்பே ஓவனை 220 டிகிரியில், மேல் கீழ் இரு கம்பியும் எரியும்படி வைத்துவிடுங்கள். காலித் தட்டும் உள்ளேயே, நடு அடுக்கில் இருக்கட்டும். 12 முதல் 15 நிமிடம் சூடேற வேண்டும். பல ஓடிஜி ஓவன்களில் விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். உள்ளே காற்று மட்டும்தான் அப்போது சூடாகியிருக்கும். சுவர் சூடாகியிருக்காது. கதவைத் திறந்ததும் சூடு பாதிக்கு இறங்கிவிடும். விளக்கு அணைந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஓவன்களுக்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி ஓட்டாதீர்கள்.

குக்கரில் சாதத்தையும் இப்போதே ஏற்றிவிடலாம்.

படி 2: மீனை உலர்த்துவது

இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்த்தால் பின்னால் எது செய்தும் பலன் இல்லை. மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மசாலா சிவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஆவியாகவே ஏழெட்டு நிமிடம் போய்விட்டால் மிச்ச நேரத்தில் நிறம் வராது. நிறம் வரட்டும் என்று கூடுதலாக வைத்தால் மீன் காய்ந்துவிடும்.

கழுவிய துண்டுகளில் அரைத் தேக்கரண்டி உப்பையும் மஞ்சளையும் தடவி ஐந்து நிமிடம் ஒரு தட்டில் சாய்வாக வையுங்கள். நம் வீடுகளில் வாடை போவதற்கென்று செய்யும் பழக்கம்தான். இங்கே அதன் இன்னொரு பயன் முக்கியம். உப்பு மேற்புறத்து நீரை வெளியே இழுத்துவிடும். தட்டின் தாழ்ந்த பக்கம் கலங்கிய நீர் தேங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். அதைக் கொட்டிவிட்டு, மீனுக்கென்று ஒதுக்கிய பருத்தித் துணியால் அல்லது கிச்சன் டிஷ்யூவால் இரு பக்கமும் ஒற்றி எடுங்கள். தோல் பக்கமும் எலும்பைச் சுற்றியும் ஒற்ற மறக்காதீர்கள். கையால் தொட்டால் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும். அதுதான் பதம்.

துண்டில் எங்காவது பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் கறை இருந்தால் பித்தப்பை உடைந்திருக்கிறது. அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் துண்டே கசக்கும்.

படி 3: மசாலாவில் சூடான எண்ணெய்

பச்சை வாடைப் புகாருக்கு மருந்து இந்தப் படி. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும். கல்லில் அது தானாக நடக்கிறது. ஓவனில் நடக்காது, நாம்தான் முன்பே செய்துவிட வேண்டும்.

ஒரு சில்வர் கிண்ணத்தில் எல்லாத் தூளையும் மீதி முக்கால் தேக்கரண்டி உப்பையும் இஞ்சி பூண்டு விழுதையும் போடுங்கள். தாளிக்கும் கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். புகை வரும் முன்பே, எண்ணெய் இளகி ஓடும் நேரத்தில் அடுப்பை அணைத்து, ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கிள்ளிப் போட்டு, படபடப்பு அடங்கியதும் தூளின் மேல் ஊற்றுங்கள். 'சுர்'ரென்று நுரைத்து அடங்க வேண்டும். நுரைக்கவே இல்லை என்றால் சூடு போதவில்லை. உடனே கறுத்துப்போனால் சூடு மிஞ்சிவிட்டது, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது. கருகிய மிளகாயின் கசப்பு மீன் முழுக்க ஏறிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துக் குழையுங்கள். இட்லி மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்தது போன்ற பதம் இருந்தால் சரி. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

காரம் குறைவாக வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்ப்பது பல சமையலறைகளில் வழக்கம். மீனோடு தயிர் சேர்க்காத வீடுகளில் அதே அளவு கெட்டியான முதல் தேங்காய்ப்பால் நன்றாகவே வேலை செய்யும். எதைச் சேர்த்தாலும் ஓவனில் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

மசாலாவை மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிவைத்தால் மேலே காயும், உள்பக்கம் பச்சையாகவே நிற்கும். 15 நிமிடம் ஊறினால் போதும். எலுமிச்சை சேர்த்த பிறகு அரை மணிக்கு மேல் ஊறவிட்டால் புளிப்பிலேயே சதை வெளுத்து, வெந்த பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். காலையிலேயே தடவி வைக்க வேண்டுமென்றால் எலுமிச்சை இல்லாமல் தடவி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாற்றை ஓவனில் வைக்கும்போது மேலே பிழிந்துகொள்ளலாம்.

படி 4: காய் முதலில், மீன் பிறகு

உருளைக்கிழங்கு வேக 25 நிமிடம். மீனுக்கு 12 நிமிடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று கெடும். எனவே உருளைக்கிழங்கை ஒன்றரை செ.மீ. சதுரமாக வெட்டி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெய், உப்பு, மஞ்சள் பிசிறி, சூடேறிய தட்டில் பரப்பி 12 நிமிடம் தனியாக வேகவிடுங்கள். மீன் ஊறும் நேரமும் இதுதான்.

பிறகு தட்டை வெளியே எடுத்து, காயை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் சிறிது எண்ணெய் தடவி மீனை அடுக்குங்கள். கதவைத் திறந்தபடி இதைச் செய்யாதீர்கள். தட்டை அடுப்பு மேடையில் வைத்துக் கதவை மூடிவிட்டு அடுக்குங்கள். தட்டு சூடாக இருப்பதால் மீனின் அடிப்புறம் தொட்ட உடனேயே வேகத் தொடங்கும். திருப்பிப் போடும் வேலை மிச்சம். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் நீராவியில் இன்னொன்று அவியும். எட்டுத் துண்டு இருந்தால் இரண்டு தடவையாக வைப்பதுதான் வழி. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு என்று சிறிய ஓவனில் வைத்தால் மேல் தட்டுக்குக் கீழ்க் கம்பியின் சூடு சேராது, கீழ்த் தட்டுக்கு மேல் கம்பியின் சூடு சேராது.

தட்டில் ஒட்டாமல் இருக்கப் பேக்கிங் தாள் விரிக்கலாம். கடையில் 'பட்டர் பேப்பர்' என்று கேட்டால் சில நேரம் மெழுகு பூசிய தாளைக் கொடுத்துவிடுவார்கள். அது ஓவனில் புகையும். பெட்டியின் மேல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். தாள் விரிப்பதாக இருந்தால் மீன் வைக்கும்போது விரியுங்கள், காலித் தட்டில் விரித்துச் சூடேற்ற வேண்டாம். அலுமினிய ஃபாயிலில் எலுமிச்சையோ புளியோ நேராகப் பட்டால் அது அரிக்கும், மீனில் உலோக வாடை ஏறும்.

படி 5: எத்தனை நிமிடம்

எடையைப் பார்த்து நேரம் வைக்காதீர்கள். அரைக் கிலோ என்பது ஆறு துண்டாகவும் இருக்கலாம், ஒரு முழு மீனாகவும் இருக்கலாம். தடிமன்தான் கணக்கு. மிகத் தடித்த இடத்தில் இரண்டரை செ.மீ.க்குச் சுமார் பத்து நிமிடம் என்பது உலகம் முழுக்கச் சமையல்காரர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. அது பெரிய, நன்றாகச் சூடு நிற்கும் ஓவனுக்கு. நம் வீட்டு ஓடிஜியில் கதவு திறந்து மூடுவதில் சூடு இறங்குவதால் இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முள் எடுத்த துண்டு, ஒன்றரை செ.மீ.: 220 டிகிரியில் 8 முதல் 9 நிமிடம்.
வஞ்சிரம் துண்டு, 2 செ.மீ.: 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம்.
முழுக் கானாங்கெளுத்தி, ஒன்று 150 கிராம்: 220 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம்.
முழு மத்தி: 220 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம்.
முழுச் சங்கரா அல்லது கொடுவா, 500 கிராம்: 200 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம்.

2 செ.மீ. துண்டு மீனுக்குப் பத்தாவது நிமிடத்தில் திறந்து பாருங்கள். நடு எலும்பருகே முள்கரண்டியை நுழைத்து மெல்லத் திருப்பினால் சதை அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரித் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். எலும்பைச் சுற்றி இரத்தச் சிவப்பு போய்ப் பழுப்பாகியிருக்க வேண்டும். முழு மீனாக இருந்தால் கண் வெள்ளை உருண்டையாக மாறியிருக்கும். சமையல் வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தில் 63 டிகிரி.

வெந்தது உறுதியான பிறகு மேல் கம்பியை மட்டும் முழுச் சூட்டில் வைத்து இரண்டு நிமிடம். மீதிக் கறிவேப்பிலையை எண்ணெயில் புரட்டி இந்த நேரத்தில் மேலே போட்டால் மொறுமொறுப்பாகும். முதலிலேயே போட்டால் கருகிவிடும். இந்த இரண்டு நிமிடம் ஓவனைவிட்டு அசையாதீர்கள். வெளியே எடுத்து இரண்டு நிமிடம் தட்டிலேயே விட்டுப் பரிமாறுங்கள். உள்சூட்டில் கடைசி வேக்காடு முடியும், சாறும் சதைக்குள் அடங்கும்.

முழு மீன் செய்ய விரும்பினால்

700, 800 கிராம் கொடுவா அல்லது பெரிய சங்கரா விருந்தாளிகள் வரும் நாளுக்கு அழகு. செதில், செவுள், குடல் நீக்கி, இரு பக்கமும் இரண்டரை செ.மீ. இடைவெளியில் எலும்பைத் தொடும்வரை சாய்வாகக் கீறுங்கள். மேலோட்டமான கீறல் அலங்காரத்துக்குத்தான் ஆகும், மசாலா இறங்காது. மசாலாவை ஒன்றரை மடங்காகச் செய்து கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தேயுங்கள். வாழையிலையை அடுப்பு நெருப்பில் காட்டி வாட்டி, நிறம் மாறிப் பளபளத்ததும் மீனைப் பொதிந்து மடியுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும்.

200 டிகிரியில் இலையோடு 25 நிமிடம், பிறகு இலையைப் பிரித்து மேல் கம்பியில் ஐந்து நிமிடம். இலைக்குள் மீன் ஆவியில் வேகிறது என்பதால் முறுகலை எதிர்பார்க்காதீர்கள். அந்த வாசத்துக்காகவும் குழைவுக்காகவும் செய்வது இது.

கானாங்கெளுத்தியும் மத்தியும் செய்யும்போது மசாலாவில் எண்ணெயைப் பாதியாக்குங்கள். கம்பித் தட்டில் அடுக்கி, கீழே ஒரு தட்டு வைத்தால் வடியும் எண்ணெய் கம்பியில் சொட்டிப் புகையாது.

மைக்ரோவேவ் கன்வெக்ஷன், ஏர் ஃப்ரையர்

கன்வெக்ஷன் வகையில் விசிறி காற்றைச் சுழற்றுவதால் 20 டிகிரி குறைத்து 200இல் வையுங்கள். மைக்ரோவேவ் முறை அணைந்திருக்கிறதா, கன்வெக்ஷன் மட்டும் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். கலந்து ஓடினால் மீன் நடுவில் ரப்பராகும், உலோகத் தட்டில் பொறியும் கிளம்பும். மேலிருந்து அனல் குறைவு என்பதால் உயரமான ஸ்டாண்டில் வைத்து, கடைசியில் கிரில் முறையில் மூன்று நிமிடம் கொடுங்கள். வட்டத் தட்டில் நான்கு துண்டுக்கு மேல் பிடிக்காது.

ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, 2 செ.மீ. துண்டுக்கு 10 முதல் 12 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்ப வேண்டும். கறிவேப்பிலையைப் போடாதீர்கள். காற்றில் பறந்து போய் மேல் கம்பியில் ஒட்டிக் கருகும்.

கெட்டுப்போவது எங்கே

தட்டு முழுக்கத் தண்ணீர் நிற்கிறதா? உறைந்த மீனை முழுதாக இளக்காமல் போட்டது, உலர்த்தாதது, ஆழமான பாத்திரத்தில் வைத்தது, ஓவன் சூடாகும் முன்பே வைத்தது, இவற்றில் ஒன்றுதான் காரணம். உடனடி வழி, தண்ணீரை வடித்துவிட்டு மேல் கம்பியில் மூன்று நிமிடம் வைப்பது.

மேலே கருகி உள்ளே வேகவில்லை என்றால் தட்டு மேல் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. நடு அடுக்குக்கு இறக்குங்கள். இஞ்சி பூண்டைக் கொரகொரப்பாக நசுக்கிப் போட்டாலும் அந்தத் துணுக்குகள் முதலில் கறுக்கும், நைஸாக அரைத்ததுதான் சரி.

துண்டின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு கசிந்து நின்றால் பயப்பட வேண்டாம். மீனின் புரதம் உறைந்து வெளியேறுவது அது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. நிறைய இருந்தால் வேக்காடு கூடிவிட்டது என்று பொருள், அடுத்த முறை இரண்டு நிமிடம் குறையுங்கள்.

தட்டிலிருந்து எடுக்கும்போது உடைகிறது என்றால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். இரண்டு நிமிடம் பொறுத்து, தட்டையான தோசைத் திருப்பியை முழுத் துண்டுக்கும் அடியில் செலுத்தி எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையே பாதி வேலை

வாரத்தில் இரண்டு நாள் இந்தச் சாப்பாடு வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஒன்றேகால் கிலோ வாங்கி, கழுவி, உலர்த்தி, எலுமிச்சை இல்லாத மசாலாவைத் தடவி இரண்டு பங்காக்குங்கள். துண்டுகளுக்கு நடுவே பேக்கிங் தாள் வைத்து, ஜிப் பையில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு வாரம் வரை ருசி குறையாது. உறையவைக்காமல் ஃப்ரிட்ஜில் மட்டும் வைப்பதென்றால் மறுநாளைத் தாண்ட வேண்டாம்.

சமைக்கும் நாளின் முந்தைய இரவே பையை ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி அரை மணி வையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மேடையில் வெறுமனே வைத்து இளக்குவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. நடுப்பகுதி கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெடத் தொடங்கிவிடும்.

பரிமாறுதல், மிச்சம், சுத்தம்

சூடான சாதம், மிளகு ரசம், இந்த மீன், ஓரத்தில் முறுகிய உருளைக்கிழங்கு. இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. சப்பாத்தியோடு என்றால் வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி எலுமிச்சையும் உப்பும் பிசறி வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு நடு எலும்பை நீக்கி, சதையை விரலால் நசுக்கிப் பார்த்தே கொடுங்கள். வயிற்றுப் பக்கத்துத் துண்டில் ஓர முள் உண்டு, அதைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வது நல்லது.

மிச்சமானதை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் சுடவைத்தால் வறண்டு, வீடு முழுக்க வாடை வரும். அதைவிட முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதக்கி, சுறாப்புட்டு செய்வது போலப் புரட்டினால் மதிய டப்பாவுக்கு ஆயிற்று. மசாலா ஏற்கெனவே மீனில் இருப்பதால் உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

ஓவன் வாடைக்குச் சாப்பிட்ட கையோடு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீரும் வினிகரும் சரிபாதி நனைத்துப் பிழிந்த துணியால் சுவரைத் துடைத்துவிடுங்கள். கம்பியில் துணி படக் கூடாது. கதவை இரவு முழுக்கக் கொஞ்சம் திறந்தே வைத்தால் ஈரமும் வாடையும் போய்விடும். தட்டில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம். சூடு ஆறியதும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் காலையில் சாதாரண நாரிலேயே வந்துவிடும்.